பள்ளி ஒளியியல் செய்முறைக் கருவிகள்

பள்ளி ஒளியியல் செய்முறைக் கருவிகள் என்பவை, ஒளியின் பண்புகளை மாணவர்கள் நேரில் கண்டும் அளந்தும் அறிந்து கொள்வதற்காக அறிவியல் வகுப்புகளில் பயன்படுத்தப்படும் எளிய கருவிகள் ஆகும். ஊசித்துளைப் படப்பெட்டி, சமதள ஆடி, குழியாடி, குவிவில்லை, கண்ணாடிப் பாளம், முப்பட்டகம், நிறமாலைகாட்டி ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் பலவற்றை அட்டைப்பெட்டி, அலுமினியத் தாள், பழைய குறுவட்டு போன்ற பொருட்களைக் கொண்டு பள்ளியிலேயே செய்துகொள்ள இயலும்.

ஒளியியல் செய்முறைகளில் கருவி நல்ல நிலையில் இருப்பது மட்டும் போதாது. அறை போதிய அளவு இருட்டாக இல்லாவிட்டாலோ, கருவியின் பகுதிகள் நேர்கோட்டில் அமையாவிட்டாலோ எதிர்பார்த்த விளைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்நிலையில் மாணவர்கள் பாடநூலில் உள்ள கதிர்ப்படத்தை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிட நேர்கிறது. எனவே வகுப்புக்கு முன் செய்யப்படும் ஆயத்தம் செய்முறையின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கது. கதிரவன், லேசர் போன்ற செறிவு மிக்க ஒளிமூலங்களால் கண்ணுக்கு நிலையான கேடு விளையக்கூடும் என்பதனாலும் இவ்வாயத்தம் முக்கியத்துவம் பெறுகிறது.

வரலாறு

இருட்டறையில் ஒளியை ஆராயும் முறை பழமையானது. பசுரா நகரிற் பிறந்த அறிஞர் இப்னு அல்-ஃகைதம் (965 - ஏறத்தாழ 1040) ஒரு சிறு துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்து, இருண்ட இடத்தினுள் அவற்றின் ஒளி தனித்தனியே விழுவதைக் காட்டினார். ஒரு விளக்கை மறைத்தபோது அதற்குரிய ஒளி மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டிற் செல்கிறது என்பதற்கும், பல கதிர்கள் ஒரே துளை வழியே ஒன்றோடொன்று கலந்துவிடாமற் செல்கின்றன என்பதற்கும் இது சான்றாயிற்று.

ஐசாக் நியூட்டன் 1666-இல் தொடங்கிய முப்பட்டக ஆய்வுகளைப் பற்றி 1672-இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். சாளரக் கதவில் ஏறத்தாழ கால் அங்குல விட்டமுள்ள துளையிட்டு, அதன் வழியே வந்த கதிரவ ஒளியை முப்பட்டகத்தினூடு செலுத்தி, 22 அடி (ஏறத்தாழ 6.7 மீட்டர்) தொலைவிலிருந்த சுவரில் அவர் நிறமாலையைப் பெற்றார். இருட்டறை, சிறு துளை, நீண்ட தொலைவு ஆகிய மூன்றும் இன்றைய வகுப்பறைச் செய்முறைக்கும் பொருந்தும்.

இரண்டாம் உலகப் போரில் அழிந்த பள்ளிகளுக்கு உதவும் பொருட்டு, எளிய பொருட்களால் அறிவியற் கருவிகள் செய்யும் முறைகளை விளக்கும் சிறு நூலொன்றை யுனெசுக்கோ 1948-இல் வெளியிட்டது. அது விரிவாக்கப்பட்டு 1956-இல் அறிவியல் ஆசிரியர்களுக்கான மூலநூலாக வெளிவந்தது. இந்தியாவில், மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கப்பட்ட ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், மாணவர்களே செய்து பார்க்கும் முறையை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது. இத்திட்டம் 2002-இல் மாநில அரசால் நிறுத்தப்பட்டது. இதனோடு தொடர்பு கொண்டிருந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, எறியப்படும் பொருட்களிலிருந்து அறிவியல் விளையாட்டுப் பொருட்கள் செய்யும் முறைகளைப் பரப்பியமைக்காக அறியப்படுகிறார். இவருக்கு 2018-இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

கலைச்சொற்கள்

தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் இலங்கைப் பாடநூல்களிலும் ஒளியியற் கலைச்சொற்கள் வேறுபடுகின்றன. இருநாட்டு நூல்களையும் படிக்கும் மாணவர்களுக்குப் பின்வரும் இணைகள் உதவும். ஒவ்வோர் இணையிலும் தமிழ்நாட்டு வழக்கு முதலிலும் இலங்கை வழக்கு அடுத்தும் தரப்பட்டுள்ளன.

- எதிரொளிப்பு - தெறிப்பு
- ஒளிவிலகல் - முறிவு
- ஒளிவிலகல் எண் - முறிவுச்சுட்டி
- முழு அக எதிரொளிப்பு - முழுவுட்தெறிப்பு
- முப்பட்டகம் - அரியம்
- சமதள ஆடி - தளவாடி
- மெய்பிம்பம், மாயபிம்பம் - மெய்விம்பம், மாயவிம்பம்

வில்லை என்பது தமிழ்நாட்டில் லென்சு எனவும் எழுதப்படுவதுண்டு. இக்கட்டுரையில் பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கே கையாளப்படுகிறது.

பொது ஆயத்தங்கள்

அறையை இருட்டாக்குதல்

சாளரங்களைக் கறுப்புத் துணியாலோ தடித்த அட்டையாலோ மூடலாம். முழு அறையையும் இருட்டாக்க இயலாத இடங்களில், ஒரு பெரிய அட்டைப்பெட்டியின் உட்புறத்தைக் கறுப்புத் தாளால் மூடி, ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து இருட்டுப் பெட்டியாகப் பயன்படுத்தலாம். வெளியிலிருந்து வந்தவர்களின் கண்கள் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும். ஆகவே மங்கலான பிம்பங்களைக் காட்டும் செய்முறைகளைப் பாடவேளையின் தொடக்கத்திலேயே செய்தல் ஏற்றதன்று.

ஒளிமூலம்

நிழல் தொடர்பான செய்முறைகளுக்குச் சிறிய ஒளிமூலம் தேவை. கைப்பேசியிலுள்ள விளக்கு இதற்குப் போதுமானது. அது தெளிவான விளிம்புள்ள கருநிழலைத் தரும். குழல்விளக்கு போன்ற நீண்ட ஒளிமூலம் கருநிழலைச் சுற்றிப் புறநிழலையும் உண்டாக்கும். ஒரு பென்சிலைக் குழல்விளக்குக்கு இணையாகப் பிடித்தால் அதன் நிழல் தெளிவாகவும், குறுக்காகப் பிடித்தால் மங்கியும் தோன்றும். இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை மாணவர்களையே சொல்லச் செய்யலாம்.

மெல்லிய ஒளிக்கற்றை தேவைப்படுமிடத்து, கைவிளக்கின் முகப்பைக் கறுப்புத் தாளால் மூடி, அதில் 1 முதல் 2 மி.மீ. அகலமுள்ள பிளவு இடப்படும். ஒளிக்கற்றையின் பாதை காற்றில் தெரியாது. ஊதுபத்திப் புகையினூடோ, ஓரிரு துளி பால் கலந்த நீரினூடோ செலுத்தும்போது அது தெரியும். பால் மிகுந்துவிட்டால் கற்றை பரவி மறைந்துவிடும்.

நேர்ப்படுத்துதல்

ஒளி நேர்கோட்டிற் செல்வதைக் காட்ட, ஒரே உயரத்தில் துளையிட்ட மூன்று அட்டைகள் பயன்படுத்தப்படுகின்றன. மூன்று துளைகளின் வழியாகவும் ஒரு நூலைக் கோத்து இழுத்துப் பிடித்தால் அட்டைகள் எளிதில் ஒரே கோட்டில் அமையும். பின்னர் நூலை உருவிவிட்டு ஒளிமூலத்தை வைக்கலாம்.

முதன்மைக் கருவிகள்

ஊசித்துளைப் படப்பெட்டி

இது ஒரு முகத்தில் சிறு துளையும் எதிர்முகத்தில் ஒளிகசியும் திரையும் கொண்ட பெட்டியாகும். ஒன்றினுள் ஒன்று நகரும் இரு அட்டைப்பெட்டிகளால் இதனைச் செய்தால், துளைக்கும் திரைக்கும் இடையிலான தொலைவை மாற்ற இயலும். திரைக்கு எண்ணெய் தடவிய வெள்ளைத் தாள் பயன்படும். பெட்டியின் உட்புறம் கறுப்பாக இருத்தல் வேண்டும்.

துளையை நேரடியாக அட்டையில் இடுதல் கூடாது. தடித்த அட்டையில் துளை ஒரு குழாய் போல் அமைந்து, சாய்வாக வரும் கதிர்களைத் தடுத்துவிடும். அட்டையில் பெரிய துளையிட்டு, அதன் மேல் அலுமினியத் தாளை ஒட்டி, அத்தாளில் ஊசி முனையால் துளையிடுவதே முறையாகும். துளை பெரிதானால் பிம்பம் ஒளிர்வாகவும் மங்கலாகவும் இருக்கும். துளை மிகவும் சிறிதானால் ஒளியின் விளிம்பு விளைவினால் பிம்பம் மீண்டும் மங்கும். 15 செ.மீ. நீளமுள்ள பெட்டிக்கு ஏறத்தாழ அரை மி.மீ. விட்டமுள்ள துளை மிகத் தெளிவான பிம்பத்தைத் தரும். எனினும் வகுப்பில் கண்ணாற் பார்ப்பதற்கு 1 மி.மீ. துளையின் கூடுதல் ஒளிர்வு உதவியாக இருக்கும். பார்ப்பவரின் தலையையும் திரையையும் கறுப்புத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். பிம்பம் தெரியவில்லை எனும் முறையீட்டுக்குத் திரையின் மேல் விழும் வெளி ஒளியே பெரும்பாலும் காரணமாகும்.

ஒரே தாளில் நான்கு துளைகளை இட்டால் நான்கு தலைகீழ்ப் பிம்பங்கள் தோன்றும். திரையைப் பெட்டியின் துளையிலிருந்து குவிவில்லையின் குவியத்தொலைவில் அமைத்து, அவ்வில்லையைத் துளைகளின் முன் வைத்துத் தொலைவிலுள்ள பொருளைப் பார்த்தால் நான்கும் ஒன்றாக இணையும். வில்லை என்ன செய்கிறது என்பதை இது கதிர்ப்படமின்றியே விளக்குகிறது.

கதிரவனின் பிம்பத்தையும் ஊசித்துளையால் பெறலாம். துளையிலிருந்து 1 மீட்டர் தொலைவில் அதன் விட்டம் ஏறத்தாழ 9 மி.மீ. ஆக இருக்கும். மர நிழலில் காணப்படும் வட்ட ஒளித்திட்டுகள், இலைகளுக்கிடையேயான இடைவெளிகள் உண்டாக்கும் கதிரவப் பிம்பங்களே ஆகும். கதிரவ மறைப்பின்போது அவை பிறை வடிவம் பெறும். கன்னியாகுமரியிலும் யாழ்ப்பாணத்திலும் 2010 சனவரி 15 அன்றும், கோயம்புத்தூர், திண்டுக்கல் ஆகிய இடங்களில் 2019 திசம்பர் 26 அன்றும் நிகழ்ந்த வளைய மறைப்புகளின் உச்சக் கட்டத்தில், ஊசித்துளைப் பிம்பமும் வளையமாகவே அமையும்.

சமதள ஆடி

எதிரொளிப்பு விதிகளைக் காண, வரைபலகையில் தாளைப் பொருத்தி, ஆடியை நிமிர்த்தி வைத்து, குண்டூசிகளால் கதிர்களின் பாதை குறிக்கப்படுகிறது. சாதாரணக் கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்புறத்தில் உள்ளது. ஆகவே தாளில் வரைந்த கோடு ஆடியின் முன்விளிம்போடு அன்றிப் பின்விளிம்போடு பொருந்த வேண்டும். 3 அல்லது 4 மி.மீ. தடிப்புள்ள ஆடியில் இதைக் கவனிக்காவிடில் கதிர்கள் கோட்டின் மேல் சந்திக்கமாட்டா. ஆடி சாயாதிருக்க அதனை ஒரு மரக்கட்டையுடன் இரப்பர்ப் பட்டையால் இணைக்கலாம்.

குண்டூசிகள் சற்றே சாய்ந்திருக்கக் கூடும் என்பதால் அவற்றின் தலைகளை அன்றி அடிகளையே நேர்ப்படுத்திப் பார்க்க வேண்டும். இரு ஊசிகளுக்கிடையே 5 செ.மீ. இடைவெளி இருக்கும்போது, ஓர் ஊசியின் இடத்தில் 1 மி.மீ. பிழை நேர்ந்தால் கோணத்தில் 1 பாகைக்கு மேல் பிழை உண்டாகும். இடைவெளி 10 செ.மீ. ஆனால் இப்பிழை பாதியாகக் குறையும்.

இரு ஆடிகளை 90 பாகைக் கோணத்தில் வைத்தால் 3 பிம்பங்களும், 60 பாகையில் வைத்தால் 5 பிம்பங்களும் தோன்றும். தாவீது புரூசுட்டர் 1817-இல் காப்புரிமை பெற்ற கலைடாசுகோப்பு இந்த அடிப்படையில் அமைந்ததாகும்.

கண்ணாடிப் பாளம்

செவ்வகக் கண்ணாடிப் பாளம் ஒளிவிலகலை அளக்க உதவுகிறது. ஒளிவிலகல் எண் 1.5 உடைய கண்ணாடியில் படுகோணம் 30, 45, 60 பாகைகளாக இருக்கும்போது விலகுகோணம் முறையே ஏறத்தாழ 19.5, 28, 35 பாகைகளாக இருக்கும். 6 செ.மீ. அகலமுள்ள பாளத்தில் 45 பாகைக் கோணத்தில் விழும் கதிர், வெளியேறும்போது தன் முந்தைய பாதைக்கு இணையாக ஏறத்தாழ 2 செ.மீ. விலகிச் செல்லும். படுகோணம் மிகச் சிறிதாயின் விலக்கம் அளக்கக் கூடிய அளவுக்கு இராது. எனவே 30 பாகைக்குக் குறையாத கோணங்களைத் தெரிவு செய்வது நன்று.

கண்ணாடிப் பாளம் கிடைக்காதவிடத்து, சமதளப் பக்கங்களையுடைய தெளிவான நெகிழிப் பெட்டியில் நீர் நிரப்பிப் பயன்படுத்தலாம். நீரில் 45 பாகைப் படுகோணத்துக்கு விலகுகோணம் ஏறத்தாழ 32 பாகை ஆகும்.

குழியாடியும் குவிவில்லையும்

இவற்றின் குவியத்தொலைவை முன்கூட்டியே அறிந்து குறித்து வைத்தல் வேண்டும். சாளரத்துக்கு வெளியே தொலைவிலுள்ள மரம் அல்லது கட்டடத்தின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் தெளிவாக விழச்செய்து, தாளுக்கும் வில்லைக்கும் இடையிலான தொலைவை அளந்தால் அதுவே ஏறத்தாழ குவியத்தொலைவாகும். இதற்குக் கதிரவனைப் பயன்படுத்துதல் கூடாது.

வில்லையின் வழியே மெய்பிம்பம் பெறுவதற்குப் பொருளுக்கும் திரைக்கும் இடையில் குவியத்தொலைவைப் போல் குறைந்தது நான்கு மடங்கு தொலைவு தேவை. 15 செ.மீ. குவியத்தொலைவுள்ள வில்லைக்கு 60 செ.மீ. நீளம் போதும். ஆனால் +2 டையாப்டர் திறனுள்ள பழைய மூக்குக்கண்ணாடி வில்லையின் குவியத்தொலைவு 50 செ.மீ.; இதற்கு 2 மீட்டர் தேவைப்படும். ஒரு மீட்டர் மேசையில் இவ்வில்லையை வைத்து எவ்வளவு நகர்த்தினாலும் திரையில் மெழுகுவத்தியின் தெளிவான பிம்பம் கிடைக்காது. கருவியைக் குறைகூறுமுன் இதனைச் சரிபார்க்க வேண்டும்.

மெழுகுவத்தி எரிய எரியச் சுடர் தாழ்ந்துவிடுவதால், அதற்கு மாற்றாக அம்புக்குறி வடிவில் வெட்டிய அட்டையின் பின்னால் கைவிளக்கை வைக்கலாம். பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருப்பதை அம்புக்குறி தெளிவாகக் காட்டும்.

முப்பட்டகம்

கதிரவ ஒளியைச் சமதள ஆடியால் இருட்டறையினுள் திருப்பி, 2 அல்லது 3 மி.மீ. பிளவின் வழியே முப்பட்டகத்தின் மேல் விழச்செய்தால் நல்ல நிறமாலை கிடைக்கும். 60 பாகைக் கண்ணாடி முப்பட்டகம் ஒளியை ஏறத்தாழ 40 பாகை அளவுக்குத் திருப்புகிறது. ஆகவே நிறமாலை பிளவுக்கு நேரெதிரே விழாமல் பக்கவாட்டில் விழும். திரையைத் தவறான இடத்தில் வைத்துவிட்டு நிறமாலை உண்டாகவில்லை என முடிவு செய்வது எளிதில் நேரக்கூடியது. 3 மீட்டர் தொலைவில் நிறமாலையின் நீளம் ஏறத்தாழ 8 செ.மீ. ஆகவும் கதிரவனின் அகலத்தால் சற்று மிகுந்தும் இருக்கும்.

புவியின் சுழற்சியால் கதிரவன் வானில் 4 நிமிடத்துக்கு 1 பாகை வீதம் நகர்வதாகத் தோன்றுகிறது. இதனால் நிறமாலையும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆடியை அவ்வப்போது திருத்த ஒரு மாணவரை அமர்த்துதல் வேண்டும்.

முப்பட்டகம் இல்லாவிடில் ஒரு தட்டில் நீர் நிரப்பி, அதில் சிறு ஆடியொன்றைச் சாய்த்து வைத்து, வெயிலில் வைக்கலாம். நீரும் ஆடியும் சேர்ந்து முப்பட்டகம் போல் செயற்பட்டு, நிழலான சுவரிலோ வெள்ளைத் தாளிலோ நிறமாலையைத் தோற்றுவிக்கும். நீர் அசைவற்று இருத்தல் இன்றியமையாதது.

குறுவட்டு நிறமாலைகாட்டி

குறுவட்டின் சுருள்தடங்களுக்கு இடையிலான தொலைவு 1.6 மைக்ரோமீட்டர் ஆகும். அதாவது ஒரு மி.மீ. நீளத்தில் 625 தடங்கள் உள்ளன. இவை ஒளியை விளிம்பு விளைவினால் நிறங்களாகப் பிரிக்கின்றன. மூடிய அட்டைப்பெட்டியின் ஒரு முகத்தில் அரை மி.மீ.க்குக் குறைவான பிளவும், அதற்கு எதிரே சாய்வாகப் பொருத்திய குறுவட்டுத் துண்டும், அதனைப் பார்க்க ஒரு துளையும் இருந்தாற் போதும். பிளவு வட்டின் தடங்களுக்கு இணையாக இருத்தல் வேண்டும்.

இழைவிளக்கின் ஒளியில் தொடர்ச்சியான நிறமாலையும், சிறு குழல்விளக்கின் ஒளியில் தனித்தனி நிறப்பட்டைகளும், வெள்ளை எல்.ஈ.டி. விளக்கின் ஒளியில் செறிந்த நீலத்தை அடுத்துப் பரந்த பச்சை முதல் சிவப்பு வரையான பகுதியும் தெரியும். கண்ணுக்கு வெண்மையாகவே தோன்றும் விளக்குகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்பதை இக்கருவி காட்டுகிறது. இதனைக் கொண்டு கதிரவனை நேரே நோக்குதல் கூடாது.

நியூட்டன் வட்டு

ஏழு நிறங்கள் தீட்டிய வட்டை விளையாட்டுப் பொருட்களிலுள்ள சிறு மின்னோடியால் விரைவாகச் சுழற்றினால் நிறங்கள் கலந்து தோன்றும். பாடநூல்கள் இதனை வெண்மை எனக் குறிப்பிட்டாலும், நடைமுறையில் சாம்பல் கலந்த வெண்மையே கிடைக்கும். ஒவ்வொரு வண்ணப்பூச்சும் தன்மேல் விழும் ஒளியின் ஒரு பகுதியை உட்கவர்ந்துவிடுவதே இதற்குக் காரணமாகும். இது செய்முறையின் தோல்வியன்று.

அளவீட்டுப் பிழைகள்

பாகைமானியால் அளக்கும் கோணங்களில் 1 பாகை அளவுக்குப் பிழை நேர்வது இயல்பு. கண்ணாடிப் பாளத்தில் படுகோணம் 45 பாகையாக இருக்கும்போது விலகுகோணத்தை 27 என அளந்தால் ஒளிவிலகல் எண் 1.56 எனவும், 29 என அளந்தால் 1.46 எனவும் வரும். எனவே கவனமாகச் செய்த மாணவருக்கும் 1.50 என்ற விடை சரியாக வராமற் போகலாம். பல கோணங்களுக்கு அளந்து சராசரி காண்பதே இதற்குத் தீர்வாகும்.

விடை முன்பே தெரிந்திருப்பதால், அளவீடுகளை அதற்கேற்ப மாற்றி எழுதத் தூண்டுதல் உண்டாகலாம். அவ்வாறு எழுதப்பட்ட ஏட்டில் பிழையின் காரணத்தைத் தேட வழியில்லை. ஊசி சாய்ந்திருந்ததா, ஆடியின் பின்விளிம்பு கோட்டில் இருந்ததா, பாளம் நகர்ந்துவிட்டதா எனும் கேள்விகளுக்கு உண்மையான அளவீடே விடை தரும். மதிப்பெண் வழங்கும்போது விடையின் நெருக்கத்தை மட்டுமன்றி, அளவீடுகளின் எண்ணிக்கையையும் பிழைக்கான விளக்கத்தையும் கருத்திற் கொள்வது பயனுள்ளது.

பாதுகாப்பு

- கதிரவனை வெறுங்கண்ணாலோ, வில்லை, குழியாடி, முப்பட்டகம் ஆகியவற்றின் வழியாகவோ நோக்குதல் கூடாது. விழித்திரையில் வலியுணர்வு இல்லாததால், கேடு நேரும்போது அது உணரப்படுவதில்லை.
- கரி படிந்த கண்ணாடி, எக்சு-கதிர்ப் படச்சுருள், குளிர்கண்ணாடி ஆகியவை கதிரவ மறைப்பைப் பார்க்கப் பாதுகாப்பானவை அல்ல. ஐ.எசு.ஓ. 12312-2 தரத்துக்கு உட்பட்ட வடிகட்டிகளையோ ஊசித்துளைப் பிம்பத்தையோ பயன்படுத்த வேண்டும். ஊசித்துளையின் வழியே கதிரவனைப் பார்ப்பதன்று; திரையில் விழும் பிம்பத்தைப் பார்ப்பதே முறை.
- லேசர் சுட்டியைப் பயன்படுத்துவதாயின் 1 மில்லிவாட்டுக்கு மிகாத இரண்டாம் வகுப்புச் சுட்டியை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும். மலிவான சுட்டிகளின் திறன் அவற்றின் மேல் அச்சிடப்பட்டதைவிட மிகுதியாக இருக்கக் கூடும். கற்றை கண்மட்டத்துக்குக் கீழே, சுவரை நோக்கிச் செல்ல வேண்டும்.
- ஆடி, கண்ணாடி ஆகியவற்றின் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டுநாடாவால் மூடுதல் வேண்டும்.
- சிறு குழல்விளக்குகளில் பாதரசம் உள்ளது. உடைந்தால் அறையைக் காற்றோட்டமாக்கி, துண்டுகளைக் கையால் தொடாமல் அட்டையால் அள்ள வேண்டும்.
- இருட்டாக்கிய அறையில் மெழுகுவத்தி பயன்படுத்தும்போது திரைத்துணிகள் அருகில் இருத்தல் கூடாது. நடைபாதையில் பைகளும் மின்கம்பிகளும் கிடத்தல் கூடாது.

பராமரிப்பு

வில்லைகளையும் முப்பட்டகங்களையும் விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். தூசியை முதலில் ஊதியோ மென்தூரிகையாலோ நீக்கிய பின்னரே பருத்தித் துணியால் துடைக்கலாம். தூசியோடு துடைத்தால் கீறல் விழும். ஈரப்பதம் மிகுந்த கடலோரப் பகுதிகளில் வில்லைகளில் பூஞ்சை படரக்கூடும். காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா கூழ்மப் பொதிகளுடன் வைப்பது இதனைத் தடுக்கும். ஆடிகளின் ஓரங்களில் வண்ணம் பூசிவைத்தால் வெள்ளிப்பூச்சு உரிவது தாமதமாகும். குவியத்தொலைவைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டுவது அடுத்த முறை ஆயத்தம் செய்பவரின் நேரத்தை மிச்சப்படுத்தும்.

இவற்றையும் பார்க்க

- ஒளி
- எதிரொளிப்பு
- ஒளிவிலகல்
- நிறமாலை
- ஊசித்துளைப் படக்கருவி
- கதிரவ மறைப்பு